சிவப்புக் கயிறும் ஏழாம் விதியும்

திராட்சைமேட்டுச் சாலை 2-அ,
வோல்டிங், லக்சம்பர்க்
11 ஜனவரி 2023

மதிப்பிற்குரிய திருமதி ஃபெர்னாந்த் கீஃபர் அவர்களுக்கு,

வோல்டிங் மண்ணின் நண்பர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு நேற்று மாலை ‘பாலத்தடி’ உணவகத்தின் பின்னறையில் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, வருங்காலத் தலைமுறைகள் நினைவுகூரத்தக்க ஒரு முடிவை எடுத்திருக்கிறது. தவக்காலத்தின் முதல் ஞாயிறான பிப்ரவரி 26 அன்று, குளிர்காலத்தை விரட்ட நம் மேட்டில் வைக்கோல் சிலுவை எரியும்போது, ஊர்க்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் பிரிப்பதற்குக் கட்டும் கயிறு இதுவரை வெள்ளை. இனி அது சிவப்பு. ஆறு வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. வாக்கில்லா உறுப்பினரும் போர்ச்சுகலிலிருந்து வந்தவருமான கட்டட ஒப்பந்தக்காரர் திரு. அர்மிந்தோ தெய்ஷைரா கயிற்றைத் தாமே வாங்கித் தருவதாகச் சொன்னார். அது நன்றியுடன் ஏற்கப்பட்டது.

அடுத்து, தங்கள் மகள் ஜோயெலின் விண்ணப்பம். கடந்த ஆண்டில் மணமான தம்பதியே சிலுவைக்குத் தீ வைக்க வேண்டும் என்பது மரபு. ஜோயெல் வோல்டிங்கில் பிறந்தவர், வோல்டிங் கோயிலில் அக்டோபரில் மணமானவர் என்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால் அவரும் கணவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில், நெல்பாக்கில் குடியிருக்கிறார்கள். சங்கத்தின் ஏழாம் விதி தாங்கள் அறிந்ததே: ‘வோல்டிங் எல்லைக்குள் இரவில் தூங்குபவரே வோல்டிங்காரர்.’ எனவே விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.

இவ்வாண்டு தகுதியுள்ள புதுத் தம்பதி இல்லாததால், தலைவர் என்ற முறையில் நானே தீ வைப்பேன்.

தங்கள் மீதான உயர்ந்த மரியாதையுடன்,
மெட்டி ஷில்ட்ஸ், தலைவர்


ஆலைத் தெரு 23,
நெல்பாக், ஜெர்மனி
16 ஜனவரி

மெட்டி,

உன் கடிதம் ஆற்றைக் கடக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டது. நான் ஒரு முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால், அது வேகுமுன் வாத்துகள் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்துவிடுகின்றன.

பிரெஞ்சில் எழுதியிருக்கிறாய். எனக்கு பிரெஞ்சில் கடைசியாக வந்த கடிதம் வரி அலுவலகத்தினுடையது. அது இதைவிடக் கொஞ்சம் அன்பாக இருந்தது. நம் ஊரில் நம் பாஷையான லக்சம்பர்கிஷில் பெண் கேட்பார்கள், ஜெர்மனில் பத்திரிகை படிப்பார்கள், பிரெஞ்சில் வழக்குப் போடுவார்கள். நீ என்மேல் வழக்குப் போடுகிறாய் என்பது முதல் வரியிலேயே புரிந்தது. நம் பாஷைக்காக முப்பது வருடம் போராடியவன் நீ. ரொட்டிக்கடையில் அதைப் பேசவில்லை என்று பத்திரிகைக்கு எத்தனை கடிதம். எனக்கு அதில் ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறாயா? நான் இதை நம் பாஷையில்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்.

கடிதத்தைச் சமையலறையில் வைத்துத்தான் படித்தேன். ஜோயெல் உருளைக்கிழங்கு அடை பொரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா எழுதியிருக்காரு?”

“நீ வெளியூராம்.”

“நானா? கோயில்ல ஞானஸ்நானத்துக்கு என்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தவரே அவருதானே. என் ஞானத்தகப்பன்தானே அவரு?”

“அப்ப நீ வோல்டிங்ல தூங்கிட்டிருந்த. அதனால தகுதி இருந்துச்சு.”

மருமகன் லோரான் அடையைத் தின்றுகொண்டே சொன்னான்: “அத்தை, அந்தக் கயித்துக்கு உள்ள எவ்வளவு எடம்னு கேளுங்க. ஒரு மடக்குக் கட்டில் போட்டு அங்கேயே ரெண்டு பேரும் தூங்கிடறோம்.”

அவள் சிரித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பாதி மாவு அப்படியே இருந்தது.

ஏழாம் விதி எனக்குத் தெரியும். 2019இல் நான் நெல்பாக்குக்கு வந்த மறுமாதம் எனக்காகவே அதைத் தைத்தீர்கள். சங்கச் செயலாளராகப் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவளை வெளியேற்ற அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. என் கணவர் போன பிறகு அந்த வீட்டு வாடகையை என்னால் கொடுக்க முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். நீதான் சாமான் ஏற்ற வந்தாய். அலமாரியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே விதியை யோசித்திருக்கிறாய்.

இன்னொன்று. தகுதியுள்ள தம்பதி இல்லை என்கிறாய். அர்மிந்தோவின் மகன் தியாகோவுக்கு நவம்பரில் கல்யாணம் ஆனது. கோயிலிலிருந்து இரண்டாவது வீட்டில்தான் தூங்குகிறான். கல்யாணச் சாப்பாட்டில் நீ உப்பு மீன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

கடைசியாக: இருட்டில் சிவப்பு தெரியுமா, மெட்டி?

ஃபெர்னாந்த்

பின்குறிப்பு: இரவில் நன்றாகத் தூங்குகிறாயா?


திராட்சைமேட்டுச் சாலை 2-அ,
வோல்டிங்
23 ஜனவரி

அன்புள்ள ஃபெர்னாந்த்,

பிரெஞ்சு உனக்கு உறைத்துவிட்டதால் இதை ஜெர்மனில் எழுதுகிறேன். வாதம் செய்ய அது நல்ல மொழி. வினைச்சொல் கடைசியில் வருவதால் கேட்பவர் குறுக்கிட முடியாது.

ஏழாம் விதி உன்னைக் குறிவைத்தது என்பது தவறு. ஏன் தூக்கம் என்று நீ யோசித்ததில்லை. வோல்டிங்காரர் எங்கே வேலை பார்க்கிறார்? தலைநகரில். சோப்பும் பாலும் எங்கே வாங்குகிறார்? நெல்பாக்கில், அங்கே மலிவு. பல் எங்கே கட்டுகிறார்? அங்கேதான். அங்கிருப்பவர்களோ பெட்ரோலுக்கும் சிகரெட்டுக்கும் இங்கே வருகிறார்கள். ஆகவே வோல்டிங்காரர் வோல்டிங்கில் இன்னும் செய்துவரும் ஒரே காரியம் தூங்குவதுதான். ஒரு தேசம் தன் கடைசிக் கோட்டையைக் காப்பதில் வியப்பில்லை. இந்த விதியை என் சொந்தத் தம்பி மீதும் பயன்படுத்துவேன்.

தியாகோ தெய்ஷைரா விண்ணப்பிக்கவில்லை. குழு ஊகத்தின் பேரில் செயல்பட முடியாது.

ரொட்டிக்கடை பற்றி: கிண்டல் செய்யலாம், ஆனால் நேற்றுகூட அந்தப் பெண்ணிடம் நம் பாஷையில் கறுப்பு ரொட்டி கேட்டேன். அவள் பிரான்ஸிலிருந்து எல்லை தாண்டித் தினமும் வருபவள். சிரித்துக்கொண்டே கறுப்பு ரொட்டியைக் கொடுத்தாள். அவளுக்குப் புரிந்தது என்று நீ சொல்வாய். பதினோரு வருடமாக நான் அதைத்தான் வாங்குகிறேன். அது புரிதல் இல்லை, பழக்கம்.

உன் கடிதம் சற்று ஈரமாக இருந்தது. தபால்காரி செலின் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்: “ஐயா, இந்தப் பெட்டிக்குள்ள நத்தை குடியிருக்கு. அதுக்கும் கடிதம் வருமா, இல்ல உங்களுக்கு மட்டும்தானா?” வீட்டு வேலை முடியும்வரை நான் திராட்சைத் தோட்டத்துக் குடிசையில் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். பெட்டி குடிசையின் சுவரில் இருக்கிறது. அவ்வளவுதான்.

உன் பின்குறிப்புக்கு நான் பதில் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கேள்வி குழுவின் வரம்புக்கு வெளியே இருக்கிறது.

மெட்டி


ஆலைத் தெரு 23,
நெல்பாக்
30 ஜனவரி

மெட்டி,

சென்ற புதன்கிழமை மாலை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மூன்றாவது வீட்டு வாசலில், பழுப்புக் கோட்டும் வீட்டுச் செருப்பும் போட்ட ஒரு மனிதர் குப்பைக்கான மஞ்சள் பையை வெளியே வைத்தார். எதிர்வீட்டு ஹில்டெகார்ட் ஜன்னலைத் திறந்தார். அவருக்கு எண்பது வயது, காது நன்றாகக் கேட்கும், குரல் அதைவிட நன்றாக இருக்கிறது.

“மஞ்சப் பை வியாழக்கிழமை காலையிலதான் வைக்கணும். உங்க ஊர்ல புதன்கிழமையோ என்னவோ.”

அந்த மனிதர் நல்ல பத்திரிகை ஜெர்மனில் பதில் சொன்னார்: “மன்னிக்கணும் அம்மா. நான் இங்க தற்காலிகமாத்தான் இருக்கேன்.”

“ஒரு வருஷத்துக்கு மேலயா?”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். தலையைக் குனிந்து கைப்பையில் சாவி தேடுவதுபோல நின்றேன். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் ஆறு வருடம் உட்கார்ந்து படித்தவர்கள். உன் முதுகு எனக்குத் தெரியாதா.

2021 நவம்பரில் வந்த புனித மார்ட்டின் திருநாளிலிருந்தே எனக்குத் தெரியும், மெட்டி. என் ஜன்னலிலிருந்து உன் புகைக்கூண்டு தெரிகிறது. நான் இங்கே உன் வீட்டிலிருந்து ஒரு தெரு தள்ளி உட்கார்ந்து கடிதம் எழுதி, அது ஜெர்மனியின் பாதியைச் சுற்றிவிட்டு லக்சம்பர்க் போய், ஒரு நத்தையோடு படுத்துக்கிடக்க, நீ பாலம் தாண்டிப் போய் அதை எடுத்துக்கொண்டு மறுபடி பாலம் தாண்டி வந்து இங்கே உட்கார்ந்து படிக்கிறாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் ஊர் இருண்டுவிடும் என்பார்கள். நீ அதற்காக வாரம் இரண்டு முறை பெட்ரோல் வேறு போடுகிறாய்.

ஹில்டெகார்டுக்கு உன்மேல் ஒரு வருத்தம். “அந்த லக்சம்பர்க்காரரு எங்கிட்ட ஜெர்மன்தான் பேசறாரு. நான் அவரு பேச்சிலயே பேசறேன், அவருக்குப் பிடிக்க மாட்டேங்குது.” அவர் பேசுவதும் நாம் பேசுவதும் ஒன்றுதான். அவர் அதை ஊர்ப்பேச்சு என்கிறார், நாம் தேசிய மொழி என்கிறோம். உனக்குத் தெரியுமோ, நெல்பாக்கிலும் ஒரு மண்ணின் நண்பர்கள் சங்கம் இருக்கிறது. தங்கள் தெருவில் தங்கள் ஊர் ஆட்களே இல்லை, எல்லாம் அந்தக் கரைக்காரர்கள் என்று பத்திரிகைக்கு எழுதுகிறார்கள். எழுதும் நடை உன்னுடையதைப் போலவே இருக்கிறது.

ஜோயெலிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: அவளுக்கு நீயே எழுது. அவள் வெளியூர் என்று உன் கையால், நீ தூங்கும் வீட்டிலிருந்து எழுது.

ஃபெர்னாந்த்


3 பிப்ரவரி

ஃபெர்னாந்த்,

மேலே முகவரி எழுதவில்லை. எதை எழுதுவது என்று சிறிது நேரம் யோசித்தேன்.

இதை பிரெஞ்சில் தொடங்கிக் கிழித்தேன். இது ஜெர்மன். இதுவும் சரியாக வரவில்லை.

அம்மா இறந்த பிறகு தம்பிகள் இருவரும் தங்கள் பங்கைக் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. வீட்டை விற்றால் ஒழியக் கொடுக்க முடியவில்லை. வாங்கியவர் இடிப்பார் என்று தெரியும், இடிப்பதற்கு அர்மிந்தோ ஒப்பந்தம் எடுப்பார் என்று தெரியாது. அவர் வந்து, “உங்க வாசல் கல்லை மட்டும் உடைக்காம எடுத்து வச்சிருக்கேன், வேணுமா?” என்று கேட்டார். எங்கே கொண்டுபோய் வைப்பது? வேண்டாம் என்றேன். இப்போது அங்கே ஒன்பது அடுக்ககங்கள். பெயர்ப்பலகை பிரெஞ்சில். அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான நான், என் வீட்டை விற்றதில் என் பங்கைக் கொண்டு வாங்க முடியவில்லை.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மாடி ஜன்னல். அதிலிருந்து மேடு தெரிகிறது.

தியாகோ விண்ணப்பிக்கவில்லை என்று எழுதினேன். ஜோயெலுக்கு முன் எந்தத் தம்பதியும் விண்ணப்பித்ததில்லை. வழக்கமாகத் தலைவர் போய் அழைப்பார். நான் அழைக்கவில்லை. அப்பா கல்யாணமான வருடம் அம்மாவோடு மேடேறித் தீ வைத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு அந்தத் தீப்பந்தம் கையில் வருவதற்கு ஒரே வழி, ஊரில் யாருக்கும் கல்யாணம் ஆகாத ஒரு வருடம். அறுபத்து நான்கு வயதில் அப்படி ஒரு வருடத்தை நான் செய்துகொண்டேன்.

26ஆம் தேதி வரை சொல்லாதே. ஒரே ஒருமுறை. அதன் பிறகு விலகிவிடுகிறேன், முதுகுவலி என்று.

ஜோயெலுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள ஜோயெல்’ வரை வந்தது.

மெ.


நெல்பாக்
7 பிப்ரவரி

மெட்டி,

இதைத் தபாலில் போடவில்லை. உன் கதவடியில் தள்ளுகிறேன். மணி அடிக்க மாட்டேன், பயப்படாதே.

நான் சொல்ல மாட்டேன் என்று முன்பே எழுதிவிட்டேன். இரண்டாம் முறை கேட்காதே, எனக்கு அவமானமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் உன்னை ஏமாற்றுவதாகும். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் உங்கள் கூட்டம். அன்று மாலை ஹில்டெகார்ட் என் வீட்டுக்குச் சீட்டாட வருவார். என் ஜன்னல் ஆற்றின் மேல்பாலத்துச் சாலையைப் பார்த்து இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் முதலில் உன் கார் வரும். ஹில்டெகார்ட் சீட்டைக் கீழே வைக்காமலே சொல்வார்: “உங்க சங்கம் திரும்புது.” நீ போனதும் உன் குழுவிலுள்ள மாரியெட்டின் சின்ன வெள்ளைக் கார். அவள் வீடு இந்தக் கரையில் பக்கத்து ஊரில், தேவாலயத்துக்குப் பின்னால். ஹோஃப்மன் அண்ணன் தம்பி இருவரும் தனித்தனிக் காரில், ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி. மருந்துக்கடைக்காரர் கார் விளக்கை அணைத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டுகிறார், ஒருநாள் விழுவார். உன் துணைத்தலைவர் நோர்பெர்ட் மட்டும் கீழ்ப்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார். அவருக்குத் தன்மானம் அதிகம்.

வாக்குள்ள ஆறு பேரும் இந்தக் கரையில்தான் தூங்குகிறீர்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு கயிற்றுக்கு நிறம் மாற்றுகிறீர்கள்.

உணவக அறையின் சுவரில் நம் தேசத்து வாசகம் தொங்குகிறதே, ‘நாம் இருப்பதுபோலவே இருக்க விரும்புகிறோம்’ என்று. எங்கே என்று அதில் சொல்லவில்லை. அந்த மட்டில் நீங்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

ஜோயெல் நேற்று கேட்டாள்: “ஏம்மா, அவரு எனக்கு ஒரு வரிகூட எழுதல? கோவமா?” நான், “வெட்கம்,” என்றேன். “எதுக்கு?” என்றாள். துணி காயப்போட வெளியே வந்துவிட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது.

ஃபெ.


15 பிப்ரவரி

ஃபெர்னாந்த்,

இதை நம் பாஷையில் எழுதுகிறேன். மூன்று சொற்களுக்கு அகராதி பார்த்தேன். மற்றவற்றைக் காதில் கேட்டபடி எழுதியிருக்கிறேன்.

நேற்றுக் கூட்டம். முதல் பொருள் சூப்பில் பீன்ஸா பட்டாணியா என்பது. அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். “ஏழாம் விதிப்படி நான் இந்த நாற்காலியில உட்காரக் கூடாது. நான் தூங்கறது நெல்பாக்ல.”

யாரும் நிமிரவில்லை. நோர்பெர்ட் தன் குறிப்புத்தாளை நேராக்கினார்.

“இதையெல்லாம் எதுக்கு மேஜைக்குக் கொண்டு வர்ற, மெட்டி? பீன்ஸ்க்கு வருவோம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“நாங்க நாகரிகம் தெரிஞ்சவங்க,” என்றாள் மாரியெட். “நீ வாங்கின கடையிலதான் நானும் கட்டில் வாங்கினேன். ரெண்டும் ஒரே வண்டியில வந்துச்சு. வண்டிக்காரன், ‘உங்க ஊர்க்காரரு இன்னொருத்தருக்கும் இறக்கணும்’னான்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

அதன் பிறகு அறையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. பெரிய ஹோஃப்மன் விலகுவதாகச் சொன்னார். சின்ன ஹோஃப்மன் அண்ணனைப் பார்த்து, “நீயுமா? எந்தத் தெரு?” என்றார். நோர்பெர்ட் மட்டும் கடைசிவரை நின்றார்.

“நான் வோல்டிங்ல தூங்கியிருக்கேன். இந்த வருஷமே தூங்கியிருக்கேன்.”

“எங்க?”

“கார்ல. ஒரு தடவை.”

“ஆத்துல படகு கட்டித் தூங்கினா?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். “ஆறு ரெண்டு நாட்டுக்கும் பொதுச்சொத்து. பாதி ராத்திரியாவது கணக்குல வருமே.” அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சிறிது நேரம் அதை விவாதித்தோம்.

பிறகு ஆறு பேரும் விலகினோம். அப்போதுதான் மேஜையின் மறுகோடியில் அர்மிந்தோ இருப்பது எல்லோருக்கும் நினைவு வந்தது.

“எனக்கு வாக்கு இல்ல,” என்றார். “பேசலாமா?”

பேசச் சொன்னோம்.

“ஒன்பதாம் விதி. ‘வாக்குள்ள உறுப்பினர் எவரும் எஞ்சாத நிலையில், எஞ்சியிருப்பவர் வாக்குள்ளவர் ஆவார்.’” கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். அந்த விதியை நான் எழுதியதே எனக்கு மறந்துவிட்டது. “குடியுரிமைப் பரிட்சைக்கு டீச்சரம்மா ஏதாவது நல்ல எழுத்தா மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. நான் உங்க விதி பூராவும் பண்ணிட்டேன், மெட்டி சார். அருமையா எழுதியிருக்கீங்க.”

அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு வாக்கு ஆதரவு, எதிர்ப்பு இல்லை. விலகிய நாங்கள் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தோம்.

நான் ஜோயெலுக்காகக் கேட்டேன். அவள் இங்கே பிறந்தவள், இந்தக் கோயிலில் மணமானவள், என் ஞானமகள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சொல்லி மறுத்தேனோ அதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. நல்ல பொண்ணு. ஆனா விதி இருக்குதே. வோல்டிங்ல தூங்கறவங்கள்ல போன வருஷம் கல்யாணம் ஆனது எங்க தியாகோவும் சாந்த்ராவும். எங்க மாடியிலதான் தூங்கறாங்க. விண்ணப்பம் போடணும்னு எந்த விதியிலயும் இல்ல, நான் ஒண்ணுவிடாம பாத்துட்டேன்.”

“அவங்களை நான் கூப்பிட்டிருக்கணும்,” என்றேன். “மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

“தெரியும் சார். கல்யாணத்துக்கு வந்தீங்களே. ரெண்டாந்தரம் மீன் வாங்கினீங்க, என் பொண்டாட்டிக்கு சந்தோஷம்.”

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

உன் மகளுக்கு நான் எதுவும் பெற்றுத் தரவில்லை. உண்மையைச் சொன்னால் ஏதாவது நன்மை விளையும் என்று நினைத்தேன். விதி இப்போது முன்பைவிட உறுதியாக இருக்கிறது. ஜோயெலுக்கு இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். நான் தூங்கும் இடத்திலிருந்து எழுதியது.

மெட்டி


ஆலைத் தெரு 23
19 பிப்ரவரி

மெட்டி,

கடிதத்தைக் கொடுத்தேன். மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். இறங்கி வர நேரமாயிற்று. வந்ததும் முதல் கேள்வி: “அடுத்த தெருவுலயா? நான் தினம் அந்த வழியாத்தானேம்மா வேலைக்குப் போறேன்?”

“அதான் அவர் காலையில திரைச்சீலையைத் திறக்கறதில்ல.”

உனக்கு ஆறுதலாக ஏதும் சொன்னாள் என்று நினைக்காதே. கோபமாகத்தான் இருக்கிறாள். தியாகோவை அழைக்காததற்குத்தான் அதிகக் கோபம். “என்னை வேண்டாம்னதுக்கு ஒரு விதி இருந்துச்சு. அவனை வேண்டாம்னதுக்கு என்ன இருந்துச்சு?” என்றாள். இதை உனக்கு எழுது என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

ஆனால் ஞாயிறன்று மேட்டுக்குப் போகத்தான் போகிறாள். “அவரு எங்க நிப்பாரு?” என்று கேட்டாள். கயிற்றுக்கு வெளியே என்றேன். “சரி, நாங்களும் அங்கதான. ஏத்திக்கிட்டுப் போறோம்னு சொல்லு. தனியா வந்தா கீழ்ப்பாலம் சுத்திக்கிட்டு வருவாரு.”

லோரான் நான்கு மணிக்கு உன் வாசலில் ஹாரன் அடிப்பான். ஹில்டெகார்ட் ஜன்னலைத் திறப்பார், தயாராக இரு.

எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நான் வர முடியாது. நடந்ததை எழுது. பழைய செயலாளருக்கு எழுதுவதுபோல எழுது, அலங்காரம் வேண்டாம்.

ஃபெர்னாந்த்


காட்டுத் தெரு 6,
நெல்பாக், ஜெர்மனி
27 பிப்ரவரி

ஃபெர்னாந்த்,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

லோரான் நான்கு மணிக்கு ஹாரன் அடித்தான். ஹில்டெகார்ட் ஜன்னலைத் திறந்து, “தீக்கா போறீங்க? அந்தப் புகை எல்லாம் எங்க துணிமேலதான் வரும்,” என்றார். நான் நம் பேச்சில், “உள்ள எடுத்துப் போட்டுடுங்க,” என்றேன். “அடேயப்பா, பேச வருது,” என்றார்.

காரில் ஜோயெல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாலம் தாண்டும்வரை திரும்பவில்லை. தாண்டிய பிறகு, “குளிரும், அந்தப் பின்சீட்டுச் சால்வையைப் போட்டுக்குங்க,” என்றாள். வழியில் திராட்சைமேட்டுச் சாலையில் நிறுத்தச் சொல்லி, குடிசைச் சுவரிலிருந்த தபால்பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். நத்தை இருந்தது. அதைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். லோரான் கட்டில் கொண்டுவரவில்லை.

சிலுவையை அர்மிந்தோ தன் நிறுவனத்துக் கிரேனால் நிறுத்தியிருந்தார், சென்ற ஆண்டைவிட உயரம். உள்ளே போகும் வழியில் அவர் மனைவி அடையாள அட்டை பார்த்தார். என்னுடையதைப் பார்த்து, திருப்பியும் பார்த்துவிட்டு, “வெளிப்பக்கம், சார். சூப் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்,” என்றார். பீன்ஸ்.

மாரியெட், ஹோஃப்மன் சகோதரர்கள், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். ஹோஃப்மன்கள் ஒரே காரில் வந்திருந்தார்கள். நாங்கள் வானிலை பற்றிப் பேசினோம். கயிற்றுக்கு வெளியே கூட்டம் அதிகம், உள்ளே குறைவு. வெளியே எல்லோரும் நம் பாஷை பேசினார்கள். உள்ளே போர்ச்சுகீசும் பிரெஞ்சும் கேட்டன. அர்மிந்தோ நம் பாஷையில் சிறிய உரை ஆற்றினார். ஏழாம் விதியை மேற்கோள் காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை.

தியாகோவும் சாந்த்ராவும் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். சாந்த்ரா கர்ப்பமாக இருக்கிறாள், மெதுவாக ஏறினாள். தீ முதல் முறையிலேயே பற்றிக்கொண்டது. ஜோயெல் கைதட்டினாள். நானும் தட்டினேன். அப்பாவின் படத்தில் தெரிவதைவிட அது அதிக வெளிச்சம் தருகிறது. காற்று கிழக்கே அடித்ததால் புகை ஆற்றைத் தாண்டி நம் பக்கம் போனது.

கயிறு சிவப்பு. இருட்டில் தெரியவில்லை. தாமதமாக வந்த நோர்பெர்ட் அதில் தடுக்கி உள்பக்கம் விழுந்தார். இரண்டு பேர் வந்து அவரை எழுப்பி, கோட்டைத் தட்டிவிட்டு, வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

மெட்டி